எஞ்சினுக்கு எவ்வளவு சூடு வேண்டும்?



பழைய லொறிகளையும் கார்களையும் திருத்தும்போது தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிந்துவிடுவது நமது நாட்டுக் கராஜ்கள் பலவற்றில் வழக்கமாக இருந்தது. "வெப்ப நாட்டில் இது எதற்கு?" என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். அது சரிதானா என ஆராய்வோம்.

தேர்மோஸ்ராற் என்பது எஞ்சினுக்கும் றேடியேற்றருக்கும் இடையிலுள்ள சிறு கதவாகும். அதனுள் ஒருவகை மெழுகு அடைக்கப்பட்டுள்ளது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கதவு மூடியிருக்கும். தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடேறும். குறித்த வெப்பநிலை வந்ததும் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். அந்த எண் கருவியின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். பழைய பிரித்தானிய எஞ்சின்கள் பலவற்றுக்கு வெப்ப நாடுகளில் 74, பொதுப் பாவனைக்கு 82, குளிர் நாடுகளில் 88 பாகை செல்சியஸ் என மூவகை வழங்கப்பட்டன.

இந்த எண் எஞ்சினின் கீழெல்லையையே காட்டுகிறது, மேலெல்லையை அன்று. கதவு திறக்கத் தொடங்கியபின் ஏறத்தாழ 10 பாகை கூடும்போது முழுவதும் திறந்துவிடும். ஆகவே, பாரம் ஏற்றிய லொறியின் தண்ணீர் கொதிநிலையை நெருங்குமாயின், 74 ஆயினும் 82 ஆயினும் கதவு முன்னரே முழுதாகத் திறந்திருக்கும். குறை வேறிடத்தில் உள்ளது. யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறி வருவது. இலண்டனில் நம் வீட்டுக் கேத்திலில் வெண்படலம் படிவது போலவே, அந்நீர் றேடியேற்றரின் குழாய்களிலும் படிந்து அடைக்கும். அதனைத் துப்புரவாக்குவதே பரிகாரம்.

எஞ்சினுக்குச் சூடு குறைந்தாலும் தீங்கே. எரிபொருள் நன்கு ஆவியாகாது, சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிச் செல்லும். உலோகம் உலோகத்தோடு உராய்ந்து தேயும்.

இதன் முக்கியத்துவத்தை 1990ஆம் ஆண்டு மீண்டும் போர் மூண்டபின் வடபகுதியில் நிலவிய எரிபொருள் தடை நன்கு உணர்த்தியது. பெற்றோல் கிடைக்காமையால் பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களைச் சிறிதளவு பெற்றோலில் தொடக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். பெற்றோலின் ஒரு பகுதி சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 150 பாகைக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும். எனவே எஞ்சின் சூடாக இருப்பது இன்றியமையாதது. பிரித்தானியாவில் மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடிய பழைய உழவு இயந்திரங்களிலும், எஞ்சின் சூடான பின்னரே எரிபொருளை மாற்றுவர். சூடு தணியாதிருக்க றேடியேற்றரின் முன்னால் திரை இடுவதும் உண்டு. இத்தகைய ஓட்டத்துக்கு 74ஐ விட 82 உகந்தது. தேர்மோஸ்ராற்றே இல்லாத எஞ்சின் விரைவில் தேய்ந்துவிடும். உதிரிப்பாகம் கிடைக்காத காலத்தில் ஓர் எஞ்சின் தேய்ந்தால், நோயாளி ஒருவர் ஆசுப்பத்திரிக்குச் செல்லும் வழியே அடைபட்டுவிடும்.

ஆகவே, பழைய வாகனம் வைத்திருப்போர் முதலில் அதன் கைந்நூலில் உள்ள எண்ணையே தெரிவு செய்க. கருவி பழுதா எனச் சோதிப்பதும் எளிது. அதனை நூலில் கட்டி, பாத்திரத்து நீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் மெல்லச் சூடாக்குக. பொறித்த எண்ணை அண்டித் திறந்தால் அது நன்று. மாணவர்கள் இச்சோதனையைப் பெற்றோர் துணையுடன் மட்டுமே செய்தல் வேண்டும். கருவி நன்றாயிருந்தும் எஞ்சின் கொதிக்குமாயின், எண்ணை மாற்றாது காரணத்தைத் தேடுவதே அறிவுடைமை.