டெஸ்ட் எல்லாம் பச்சை... ஆனால் 11 வயதுக் குழந்தையை யாருமே செக் பண்ணலை! - சாஃப்ட்வேரின் காப்பி பேஸ்ட் தலைவலி

வீட்டில் ஐ.டி-யில் வேலை பார்க்கும் பிள்ளையோ மருமகளோ இருந்தால், இந்த டயலாக் உங்களுக்குப் பழக்கமாகியிருக்கும். "பில்ட் ஃபெயில் ஆகிடுச்சும்மா, நீங்க சாப்பிட்டுப் படுங்க!"

ஃபெயில் ஆனது ஆப் என்றுதான் நாம் நினைப்போம். பல நேரம் அப்படி இல்லை. ஆப் சரியாகவே இருக்கும். அதைப் பரிசோதிக்க எழுதிவைத்த டெஸ்ட்தான் படுத்திருக்கும். அதுவும் ஒன்றல்ல, ஒரே மாதிரி எழுதப்பட்ட நாற்பது டெஸ்ட்டுகள் ஒரே நேரத்தில்!

ஒரு புரோகிராமைச் சரிபார்க்க எழுதப்படும் இன்னொரு குட்டி புரோகிராம்தான் டெஸ்ட். டெவலப்பர் ஒரு வரியை மாற்றினால்கூட, நூற்றுக்கணக்கான டெஸ்ட்டுகள் தானாக ஓடும். பாஸ் ஆனால் பச்சை, ஃபெயில் ஆனால் சிவப்பு. ஜாவா உலகில் இதைப் பரவலாக்கியது ஜேயூனிட். கென்ட் பெக், எரிக் காமா என்ற இருவர் 1997-ல் சூரிச்சிலிருந்து அட்லான்டாவுக்குப் பறந்த விமானத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்த கருவி அது. டெஸ்ட் எழுதுவது எளிதாகிவிட்டது. எளிதானதும், காப்பி அடிப்பதும் எளிதாகிவிட்டது.

அரை டிக்கெட் கணக்கு

நம் எல்லோருக்கும் தெரிந்த விதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பு. தனி பெர்த் கேட்காவிட்டால், 5 வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். 5 வயது நிறைந்து 12 நிறையாத குழந்தைக்கு, பெர்த் இல்லாமல் என்றால் அரை டிக்கெட். பெர்த் வேண்டும் என்றால் முழு டிக்கெட். 12 நிறைந்துவிட்டால் எப்படியும் முழு டிக்கெட்தான்.

இதைக் கணக்குப்போடும் ஒரு டிக்கெட் ஆப் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் டெஸ்ட், 5 வயதுக் குழந்தைக்கு. பயணியின் பெயர், வயது, மொபைல் எண், ரயில், தேதி, ஏறும் இடம், இறங்கும் இடம், கோட்டா என எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். பிறகு கட்டணத்தைக் கணக்கிடச் சொல்ல வேண்டும். கடைசியில், 'வந்த தொகை பாதிக் கட்டணம்தானா?' என்று சரிபார்க்க வேண்டும். சுமார் 25 வரிகள். இந்த 25-ல் விஷயம் இருப்பது மூன்றே வரிகளில்தான்: வயது 5, பெர்த் இல்லை, பாதிக் கட்டணம். மற்றதெல்லாம் கல்யாணப் பத்திரிகையில் வரும் 'தங்கள் நல்வரவை விரும்பும்' பட்டியல் மாதிரி. இருந்தாக வேண்டும், யாரும் படிப்பதில்லை.

அடுத்து 11 வயதுக்கு ஒரு டெஸ்ட் வேண்டும். டெவலப்பர் என்ன செய்வார்? அந்த 25 வரிகளை அப்படியே காப்பி, பேஸ்ட். மேலே டெஸ்ட்டின் பெயரை '11 வயதுக்கு அரை டிக்கெட்' என்று மாற்றுகிறார். உள்ளே வயது 5 என்று இருப்பதை மாற்ற மறந்துவிடுகிறார்.

டெஸ்ட்டை ஓட்டினால்? பச்சை! ஏனென்றால் 5 வயதுக்கும் அரை டிக்கெட்தானே!

இப்போது ஆப்பை எழுதியவர் '12-க்குக் கீழ்' என்பதற்குப் பதிலாக '11-க்குக் கீழ்' என்று எழுதியிருந்தாலும் டெஸ்ட் கண்டுபிடிக்காது. 11 வயதுப் பிள்ளைக்கு முழுக் கட்டணம் பிடித்துவிடுவார்கள். அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில், '11 வயதுக்கு அரை டிக்கெட்' என்ற பெயருக்கு நேராகப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். டெஸ்ட்டே இல்லாமல் இருப்பதைவிட இது மோசம் என்பது என் கட்சி. டெஸ்ட் இல்லை என்றால் யாராவது ஒருவர் கையால் போட்டுப் பார்த்திருப்பார்.

நீளமும் இதில் கூட்டுக் களவாணி. 25 வரிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஒரு '5', ரிவியூ செய்பவரின் கண்ணுக்கும் படாது.

ஆப்பிளுக்கே வந்த சோதனை

சின்ன கம்பெனிகளில்தான் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். 2014 பிப்ரவரி 21-ம் தேதி, ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு ஓர் அவசர அப்டேட் வெளியிட்டது. பாதுகாப்பான இணைய இணைப்பைச் சரிபார்க்கும் கோட் பகுதியில், 'கோட்டூ ஃபெயில்' என்ற ஒரு வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. முதல் வரி ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது வரிக்கு நிபந்தனையே இல்லை. அதனால், எதிரே இருப்பது உண்மையான சர்வர்தானா என்று கையொப்பத்தைப் பார்க்கும் கடைசிக் கட்டத்துக்கே போகாமல், 'எல்லாம் சரி' என்று சொல்லிவிட்டது. பொது வைஃபையில் ஒருவர் நடுவில் புகுந்து உங்கள் பாஸ்வேர்டைப் படிக்க இது போதும்.

கூகுளில் பணியாற்றிய மைக் பிளாண்ட் இதை ஆராய்ந்து எழுதினார். அந்த ஒரு வரியோடு அவர் நிற்கவில்லை. அதே சரிபார்ப்பு வேலை அந்தக் கோப்பில் வேறு இடங்களிலும் காப்பியாக எழுதப்பட்டிருப்பதைக் காட்டினார். ஒரே இடத்தில் எழுதி, அதற்கு டெஸ்ட் வைத்திருந்தால் பிடித்திருக்கலாம் என்பது அவர் வாதம்.

அது நிஜ ஆப்புக்கான கோடில் நடந்தது. அங்கேயே இப்படி என்றால், டெஸ்ட் கோடின் நிலையை யோசியுங்கள். ஆப்பைக் காவல் காக்க டெஸ்ட் இருக்கிறது. டெஸ்ட்டைக் காவல் காக்க யாருமில்லை.

எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

இதற்கென்றே கருவிகள் உண்டு. பி.எம்.டி என்ற இலவசத் தொகுப்பில் சி.பி.டி என்று ஒன்று இருக்கிறது. காப்பி பேஸ்ட் டிடெக்டர் என்பதன் சுருக்கம்தான் அது! கோடைச் சின்னச் சின்னச் சொற்களாக உடைத்து, ஒரே வரிசை எங்கெல்லாம் திரும்ப வருகிறது என்று காட்டும். பெயர்களையும் எண்களையும் கணக்கில் எடுக்காதே என்று சொல்லிவிட்டால், வயதை மட்டும் மாற்றிய காப்பிகளும் மாட்டும். சோனார்க்யூப் போன்றவையும் இதே வேலையைச் செய்யும்.

கருவி இல்லாமலும் பிடிக்கலாம். 2016 ஏப்ரல் வரை, 5 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்குப் பெர்த்தோடு சேர்த்தே அரை டிக்கெட்தான் இருந்தது. அந்த மாதம்தான் பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம் என்று விதி மாறியது. நம் ஆப் அப்போது இருந்திருந்தால், இந்த ஒரு விதி மாற்றத்துக்காக எத்தனை டெஸ்ட்டுகளைத் திறந்து திருத்த வேண்டியிருக்கும்? இரண்டு, மூன்று என்றால் பிழைத்தோம். நாற்பது என்றால், 'நீங்க சாப்பிட்டுப் படுங்க' கேஸ்.

இந்தத் தொல்லைகளுக்குச் செல்லப் பெயர்களே வைத்திருக்கிறார்கள். 2001-ல் ஆரி வான் டியூர்சன் உள்ளிட்ட நெதர்லாந்து ஆய்வாளர்கள் நால்வர், டெஸ்ட் கோடில் அடிக்கும் கெட்ட 'வாசனை'களைப் பட்டியல் போட்டார்கள். அதில் ஒன்றின் பெயர் 'மர்ம விருந்தாளி'. டெஸ்ட்டுக்குத் தேவையான தகவல் வெளியே வேறு ஏதோ ஒரு ஃபைலில் இருக்கும். படிப்பவருக்கு அது எங்கிருந்து வந்தது என்றே புரியாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உடனே தேவைப்படும்.

எப்படிக் குறைப்பது?

முதல் வேலை, 'ஒரு சாதாரணப் பயணி'யை உருவாக்கித் தரும் ஒரு சின்ன ஃபங்ஷன். பெயர், ரயில், தேதி எல்லாவற்றையும் அதுவே நிரப்பிக்கொள்ளும். டெஸ்ட்டில் நாம் சொல்ல வேண்டியது, 'சாதாரணப் பயணி, வயது 11, பெர்த் இல்லை' என்பது மட்டும்தான். 25 வரிகள் மூன்று நான்காகச் சுருங்கிவிடும்.

அடுத்தது அட்டவணை. ஜேயூனிட்டிலும், பைத்தான்காரர்களின் பைடெஸ்ட்டிலும் ஒரே டெஸ்ட்டை எழுதி, பல மதிப்புகளைக் கொடுத்து ஓட்டும் வசதி இருக்கிறது. பெர்த் இல்லாமல்: 4 வயது, இலவசம், 5 வயது, பாதி, 11 வயது, பாதி. பெர்த்துடன்: 5 வயது, முழுசு, 11 வயது, முழுசு. 12 வயது, முழுசு. ஆறு காப்பிகள் ஆறு வரிகளாகிவிடும். இப்போது 11-க்குப் பதில் 5 என்று இரண்டு முறை எழுதியிருந்தால், பல்லில் கீரை ஒட்டியது மாதிரி பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயரும் கொடுத்துவிடுவது நல்லது. ராத்திரி 11 மணிக்குச் சிவப்பைப் பார்ப்பவருக்கு, 'மூன்றாவது வரி ஃபெயில்' என்பதைவிட '11 வயது, பெர்த் இல்லை ஃபெயில்' என்பது எவ்வளவு பெரிய உதவி!

இந்த இடத்தில்தான் சிலருக்கு ஆர்வக்கோளாறு வந்துவிடும். குறைக்கிறேன் பேர்வழி என்று வயதையும் எடுத்துக்கொண்டுபோய் 300 வரிகளுக்கு மேலே, எல்லா டெஸ்ட்டுக்கும் பொதுவான ஓர் இடத்தில் வைத்துவிடுவார்கள். டெஸ்ட்டைப் பார்த்தால் 'பயணியின் கட்டணம் பாதி' என்று மட்டும் இருக்கும். ஏன் பாதி? தெரியாது. மர்ம விருந்தாளி வந்துவிட்டார்! கூகுள் இன்ஜினீயர்கள் 2020-ல் வெளியிட்ட புத்தகத்திலும், டெஸ்ட்டில் கொஞ்சம் திரும்ப வந்தாலும் பரவாயில்லை, படித்தால் புரிய வேண்டும் என்ற கருத்தைத்தான் வலியுறுத்துகிறார்கள். எது பதிலை மாற்றுமோ அது கண்முன் இருக்கட்டும், மாற்றாதது உள்ளே போகட்டும். வயது இங்கே பதிலை மாற்றும். மொபைல் எண் மாற்றாது.

அட்டவணைக்குள் வேறு கதைகளைத் திணிப்பதும் கூடாது. குழந்தைக் கட்டணமும் தட்கல் கட்டணமும் ஒரே டெஸ்ட்டில் வந்து, 'தட்கலாக இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி' என்று டெஸ்ட்டுக்குள்ளேயே நிபந்தனை முளைத்தால், இரண்டாகப் பிரித்துவிடலாம். இப்போது ஏ.ஐ உதவியாளர்கள் கேட்ட மாத்திரத்தில் இருபது டெஸ்ட் எழுதிக் கொடுக்கிறார்கள். அதில் பத்து, ஒன்றுக்கொன்று இரட்டைப் பிள்ளைகளாக இருக்கலாம். பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

அழிப்பதற்கு முன் ஒரு சோதனை

டெஸ்ட்டைச் சுருக்கிய பிறகும் பச்சை வருகிறதே என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. ஒன்றையும் சோதிக்காத டெஸ்ட்டும் பச்சைதான் காட்டும். டெஸ்ட்டை மாற்றும்போது ஆப்பின் கோடைத் தொடாமல் இருப்பது முதல் எச்சரிக்கை. இரண்டையும் சேர்த்து மாற்றினால், எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும்.

சுருக்கி முடித்த பிறகு, வேண்டுமென்றே ஆப்பைக் கெடுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு மியூட்டேஷன் டெஸ்ட்டிங் என்று பெயர். 1970-களிலேயே பேசப்பட்ட யோசனை. ஜாவாவில் பிட் என்ற கருவி, கோடில் சின்னச் சின்ன மாற்றங்களைத் தானாகச் செய்து, டெஸ்ட்டுகள் அவற்றைப் பிடிக்கின்றனவா என்று பார்க்கும். கருவி இல்லையென்றால் கையாலேயே செய்யலாம். ஆப்பில் '12-க்குக் கீழ்' என்றிருப்பதை '11-க்குக் கீழ்' என்று மாற்றி, டெஸ்ட்டை ஓட்ட வேண்டும். அட்டவணையில் '11 வயது, பெர்த் இல்லை' என்ற வரி சிவப்பாக வேண்டும். அதேபோல 5-ஐ 6 ஆக்கினால் '5 வயது, பெர்த் இல்லை' சிவப்பாக வேண்டும். பெர்த் விதிக்கும் ஒருமுறை இதையே செய்துவிட்டு, ஆப்பைப் பழையபடி திருத்தி, எல்லாம் மறுபடி பச்சையாவதைப் பார்த்த பிறகு, அந்தப் பழைய ஆறு நீள டெஸ்ட்டுகளையும் அழித்துவிடலாம்.