பாற்சர்க்கரை தாங்காமை: காரணங்களும் கலைச்சொல் தெளிவும் – கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பால் அருந்தியபின் வயிற்றுப்பொருமலும் வயிற்றுப்போக்கும் தோன்றுவதைப் பலரும் 'பால் ஒவ்வாமை' என்றே குறிப்பிடுகின்றனர். வயதுவந்தோரிடம் இதற்குப் பொதுவான காரணம் ஒவ்வாமை அன்று; லாக்டோஸ் எனும் பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதியின் குறைவே ஆகும். அக்குறைவின் காரணங்களை விளக்கி, அதனைச் சுட்டும் கலைச்சொற்களை வரையறுக்க இக்கட்டுரை முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: பாற்சர்க்கரை, லாக்டேஸ், மரபணு, குடல்தொற்று, ஒவ்வாமை, கும்மிடிப்பூண்டி.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்தது கும்மிடிப்பூண்டி. இங்குள்ள சிப்காட் தொழில் வளாகத்தில் உள்ளூர்த் தமிழரோடு ஒடிசா, பீகார் முதலிய மாநிலத்தவரும் பணியாற்றுகின்றனர். ஒரே பாலை அருந்தும் இருவருள் ஒருவருக்கு மட்டும் வயிறு பொருமுவது ஏன் என்னும் வினா, பல நிலத்து மக்கள் கூடி உண்ணும் இத்தகைய சூழலில் இயல்பாகவே எழுகிறது.

செரிமானம் நிகழும் முறை

பாற்சர்க்கரையைச் சிறுகுடலின் உட்சுவரில் உள்ள லாக்டேஸ் நொதி குளுக்கோஸ், கேலக்டோஸ் என இரண்டாகப் பிரிக்கிறது. பிரிந்தவையே இரத்தத்தில் கலக்கும். நொதி குறையுமாயின் செரிக்கப்படாத சர்க்கரை பெருங்குடலை அடைந்து நீரை ஈர்க்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனை நொதிக்கச் செய்து ஹைட்ரஜன் முதலிய வளிகளை உண்டாக்குகின்றன. பொருமல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியவை இவற்றின் விளைவுகளாம். மூச்சில் வெளிப்படும் ஹைட்ரஜனை அளந்து இக்குறைவைக் கண்டறிவர்.

காரணங்கள்

நொதிக்குறைவு மூன்று வகைப்படும்.

முதலாவது, மரபுவழிப்பட்டது. பாலூட்டிகளில் தாய்ப்பாற்பருவம் கடந்தபின் லாக்டேஸ் குறைவது இயற்கை. மனிதருள் ஒரு சாராருக்கே அது வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது. லாக்டேஸ் மரபணுவிற்கு 13,910 இடங்கள் முன்னதாக அமைந்த ஓர் எழுத்து மாற்றமே இந்நீடிப்போடு தொடர்புடையது என்பதை 2002ஆம் ஆண்டு பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 2010இல் வெளியான இந்திய ஆய்வொன்று நலமுள்ள 153 பேரைச் சோதித்தது. அம்மாற்றம் சிறிதும் இல்லாதோர் தென்னிந்தியருள் 86.8 விழுக்காட்டினராகவும் வடஇந்தியருள் 67.5 விழுக்காட்டினராகவும் இருந்தனர். எனவே, வளர்ந்தபின் பாற்சர்க்கரை முழுமையாகச் செரியாதிருத்தல் இங்கு நோயன்று. பெரும்பான்மையோரின் இயல்பு எனலாம். எனினும், 'வடஇந்தியர்' என்னும் பொதுத்தொகுப்பின் அளவை ஒடிசா, பீகார்த் தொழிலாளர்க்கு அப்படியே பொருத்துதல் பிழையாகும்.

இரண்டாவது, இடையில் வருவது. குடல்தொற்றால் சிறுகுடலின் உட்சுவர் சிதையும்போது நொதியும் குறைகிறது. குடல் ஆறியபின் பெரும்பாலும் அது மீள்கிறது.

மூன்றாவது, பிறவியிலேயே நொதி இல்லாமை. இது மிக அரிது.

முதல் இரண்டையும் பிரித்தறிதல் தொழிற்பகுதிகளில் இன்றியமையாதது. நெருக்கமான வாடகை அறைகளில் பலர் தங்கி ஒரே நீரைப் பருகும் இடங்களில் தொற்று எளிதில் பரவும். அங்குத் தோன்றும் வயிற்றுப்போக்கைப் 'பால் சேராத உடம்பு' என ஒதுக்கிவிட்டால், மாசுற்ற குடிநீர் கவனிப்பாரின்றிப் போகும்.

அளவும் உணவுமரபும்

நொதி குறைந்தோருள் பெரும்பாலோர் ஒரு வேளையில் 12 கிராம் வரை பாற்சர்க்கரையை அதிகத் தொல்லையின்றித் தாங்குவர். 200 மி.லி. பசும்பாலில் ஏறத்தாழ 10 கிராம் உள்ளது, 50 மி.லி. பால் சேர்த்த தேநீரில் 2.5 கிராம் அளவே இருக்கும். தயிராக உறையும்போது சர்க்கரையின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் உட்கொள்கின்றன. எஞ்சியதைச் செரிக்கவும் அவற்றின் நொதி உதவுகிறது. நீர் சேர்த்துக் கடைந்த மோரில் அளவு மேலும் குறைகிறது. பாலைத் தயிராகவும் மோராகவும் உண்ணும் தமிழர் வழக்கம் பெரும்பான்மையோரின் உடலியல்போடு பொருந்தி நிற்பதை இதனால் உணரலாம்.

கலைச்சொல் தெளிவு

ஒவ்வாமை என்பது பாலின் புரதத்திற்கு எதிராக உடலின் தடுப்பாற்றல் கிளர்ந்தெழுவது. அது குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும். சிலபோது உயிருக்கும் ஊறு விளைவிக்கும். எனவே, நொதி குறைந்த நிலையைப் 'பாற்சர்க்கரைச் செரிமானக் குறைவு' என்றும், அதனால் தொல்லை தோன்றும் நிலையைப் 'பாற்சர்க்கரை தாங்காமை' என்றும், தடுப்பாற்றல் சார்ந்ததைப் 'பால் ஒவ்வாமை' என்றும் வேறுபடுத்தி வழங்குதல் தகும். முதல் நிலை உடைய அனைவரும் இரண்டாம் நிலையை அடைவதில்லை.

முடிவுரை

மூன்றையும் ஒரே சொல்லால் வழங்குவதால் இருவகைத் தீங்கு நேர்கிறது. மோர் தாங்கக்கூடிய தொழிலாளி, எளிதில் கிடைக்கும் புரதத்தையும் கால்சியத்தையும் வீணே இழக்கிறார். உண்மையான ஒவ்வாமை உடைய குழந்தைக்கோ, 'சிறிதளவு கொடுத்தால் பழகிவிடும்' என்னும் அறிவுரை ஆபத்தாக முடியும். ஆதலால், கலைச்சொல் தெளிவு மொழித்தூய்மை பற்றியது மட்டுமன்று. அது மக்கள் நலம் பற்றியதும் ஆகும்.