திடீரென உடல் கொதிக்கிறதா? காரணம் வயது மட்டுமன்று

மின்விசிறி சுழலும்போதே முகமும் கழுத்தும் மார்பும் திடீரெனச் சூடேறுகின்றன. சில நிமிடங்களில் வியர்வை பெருகி, உடல் குளிர்ந்துவிடுகிறது. இதனை வெறும் ‘உடல் சூடு’ என்றெண்ணி, மோரும் இளநீரும் அருந்தியே பல மாதங்களைக் கழித்தபின் எங்களிடம் வருவோர் உண்டு.

45 முதல் 55 வயது வரையுள்ள பெண்களுக்கு மாதவிடாய் நிறைவே இதன் முதன்மைக் காரணம். ஈஸ்ட்ரோஜன் குறைவதால், உடல் வெப்பத்தைச் சீராக்கும் மூளைப்பகுதி சிறு மாற்றத்தையும் பெருஞ்சூடாகக் கருதிவிடுகிறது. இது நோயன்று, ஆயினும் உறக்கத்தைக் கெடுக்குமானால் சிகிச்சை உண்டு. 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றால் மருத்துவரைக் காண்பது அவசியம்.

வேறு காரணங்களையும் நாம் மறத்தலாகாது.

தைராய்டு மிகையாகச் சுரத்தல்: படபடப்பும் கைநடுக்கமும் இருக்கும்; நன்கு உண்டும் எடை குறையும். இரத்தப் பரிசோதனையில் கண்டறியலாம்.

மருந்துகள்: மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டமாக்சிஃபென், மனச்சோர்வுக்கும் இரத்த அழுத்தத்துக்குமான சில மாத்திரைகள் ஆகியவை இவ்வுணர்வைத் தரலாம். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை பெறும் ஆண்களுக்கும் இது நேர்வதுண்டு. எனினும் எம்மருந்தையும் தாமாக நிறுத்தற்க.

சர்க்கரைத் தாழ்வு: இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்கு வியர்வையுடன் நடுக்கமும் பசியும் தோன்றினால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். 70 மி.கி.க்குக் கீழிருந்தாலோ, பார்க்கும் வசதி இல்லையென்றாலோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

இரவு வியர்வை: படுக்கை நனையுமளவு வியர்வை, மாலைக் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல், எடைக்குறைவு ஆகியவை காசநோயின் அறிகுறிகளாகலாம். நிணநீர்ப் புற்றுநோயிலும் இத்தகைய வியர்வை உண்டு.

தலைவலி, படபடப்பு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவை விட்டுவிட்டு வருமாயின், அரிதாக அட்ரீனல் சுரப்பிக் கட்டி காரணமாகலாம்.

வியர்வையுடன் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருப்பின் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

மருத்துவரைக் காணுமுன் ஒரு வாரம் குறிப்பெழுதுங்கள்: எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, அதற்குமுன் என்ன உண்டீர்கள், கடைசி மாதவிடாய் எப்போது. உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்துகள் உட்பட, உடன் கொண்டுவாருங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: ‘வயதானால் அப்படித்தான்’ என்று அம்மாவின் பேச்சை முடித்துவிடாதீர்கள். ஒருமுறை அழைத்து வாருங்கள். வயதே காரணமெனில், அதனை உறுதியாய் அறிந்த நிம்மதியாவது அவருக்குக் கிட்டும்.