அறுவடை வயல்களோடு பயணித்த அக்கார்டியன்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோவுடனான எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றையொட்டிய தென்பகுதியில் உருவான ‘கொன்ஹுந்தோ’ இசை, பருத்தி எடுத்தும் காய்கறி பறித்தும் பிழைத்த கூலிக் குடும்பங்களின் இசையாகும். தெஹானோக்கள் எனப்படும் டெக்சாஸ் வாழ் மெக்சிகோ வம்சாவளியினருள் மிக வறிய பிரிவினரே இதன் கலைஞர்களாகவும் ரசிகர்களாகவும் இருந்தனர். ஆகவே, இவ்விசையின் வரலாற்றை அம்மக்களின் உழைப்பு வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

இதன் முதன்மைக் கருவியான பொத்தான் அக்கார்டியன், 19ஆம் நூற்றாண்டில் டெக்சாஸிலும் வடக்கு மெக்சிகோவிலும் குடியேறிய ஜெர்மானியர், செக் மக்கள் ஆகியோர் வழியாக அங்கு பரவியது. போல்கா, வால்ட்ஸ் முதலிய ஐரோப்பிய நடன இசை வகைகளும் அதனுடன் சேர்ந்தே வந்தன. ஆர்மோனியத்தைப் போலவே இதனுள்ளும் காற்றால் அதிரும் உலோக நாக்குகள் உண்டு; ஆனால் ஒரே பொத்தானை அழுத்தியிருக்கும்போதே, துருத்தியை விரித்தால் ஒரு சுரமும் சுருக்கினால் வேறொரு சுரமும் எழும். கையில் எடுத்துச் செல்லத்தக்கது, உரத்து ஒலிப்பது, ஒருவரே வாசித்து ஒரு கூட்டத்தை ஆடவைக்கப் போதுமானது என்பதால் ஏழை உழவர்களின் திருமண வீடுகளில் இக்கருவி எளிதில் இடம்பிடித்தது. அதற்குத் துணையாக அமைந்தது ‘பாஹோ செக்ஸ்தோ’ எனப்படும் மெக்சிகோ நாட்டுத் தந்திக் கருவி. கிதாரை ஒத்த இதில் 12 தந்திகள் இரண்டிரண்டாக ஆறு இணைகளாகக் கட்டப்பட்டிருக்கும்.

இவ்விரு கருவிகளுக்கும் இடையே தெளிவான வேலைப் பிரிவினையை ஏற்படுத்தியவர் நார்சிசோ மார்டினெஸ் (1911–1992). அக்கார்டியனின் இடப்புறப் பொத்தான்கள் தாழ்ந்த சுரங்களையும் தாளத்தையும் தருபவை. வலப்புறப் பொத்தான்கள் மெட்டுக்கு உரியவை. மார்டினெஸ் இடப்புறத்தை ஏறக்குறைய முற்றிலும் கைவிட்டு, அந்தப் பொறுப்பைச் சாந்தியாகோ அல்மெய்தாவின் பாஹோ செக்ஸ்தோவிடம் ஒப்படைத்தார். அல்மெய்தா தாழ்ந்த சுரத்தை ஒருமுறை மீட்டி உடனே மேல் தந்திகளைச் சேர்த்துத் தட்ட, அதன்மேல் மார்டினெஸின் வலக்கை விரல்கள் தங்குதடையின்றி விரைந்தன. 1936இல் இவ்விருவரும் புளூபேர்ட் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த இசைத்தட்டுகள் அடுத்த தலைமுறையினர் அனைவருக்கும் பாடமாயின. எனினும், ‘பள்ளத்தாக்கின் சூறாவளி’ எனப் புகழப்பட்ட மார்டினெஸ், வயல்கூலியாகவும் லாரி ஓட்டுநராகவும் உழைத்தே குடும்பம் நடத்த வேண்டியிருந்தது.

தெற்கு டெக்சாஸில் ஆண்டு முழுவதும் வேலை கிடைக்காததால், தெஹானோ குடும்பங்கள் பல, பயிர் விளையும் இடங்களைத் தேடிப் பருவந்தோறும் இடம்பெயர்ந்தன. மேற்கு டெக்சாஸின் பருத்தி, ஒஹையோவின் தக்காளி, மிச்சிகனின் சர்க்கரை பீட்ரூட், செர்ரி என அறுவடைகளைத் தொடர்ந்து சென்ற அப்பயணங்களில் சிறுவர்களும் வயலில் இறங்கினர். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. கொன்ஹுந்தோவை மாற்றியமைத்த கலைஞர்கள் சிலர் இத்தகைய வாழ்விலிருந்தே எழுந்தனர். வலேரியோ லொங்கோரியா (1924–2000), புலம்பெயர் பண்ணைத் தொழிலாளர்களான பெற்றோருக்கு மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். எஸ்டெபான் ஜோர்டன் (1939–2010) பார்வைக் குறைபாட்டால் வயல் வேலைக்குச் செல்ல இயலாமல் தொழிலாளர் முகாம்களில் வளர்ந்தவர். பிற்காலத்தில் ஜாஸ், ராக் இசைகளையும் அக்கார்டியனில் கலந்து வாசித்தவர்.

வாத்திய இசையாகவே பெரிதும் இருந்த கொன்ஹுந்தோவில் லொங்கோரியா பாடலுக்கு முதன்மை அளித்தார். ‘பொலெரோ’ என்னும் மென்மையான காதல் பாடல் வகையையும் டிரம்ஸையும் சேர்த்தார். பண்ணைக்கூலிக் குடும்பத்திலிருந்து வந்த டோனி தே லா ரோசா (1931–2004) ஒலிபெருக்கியையும் மின்சார பேஸ் கிதாரையும் புகுத்தியதோடு, போல்காவின் வேகத்தையும் குறைத்தார். நடனமாடுவோரின் அடிகள் அதற்கேற்ப நிதானமாகத் தரையை உரசி நகர்ந்தன. இவ்வாறு 1950களில் அக்கார்டியன், பாஹோ செக்ஸ்தோ, பேஸ், டிரம்ஸ் என்னும் நான்கு கருவிகளைக் கொண்ட இன்றைய வடிவம் நிலைபெற்றது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் இவ்வட்டார இசையைக் கைவிட்டபோது, ஆலிஸ் நகரில் ஜூக்பாக்ஸ் தொழில் நடத்திய அர்மாண்டோ மரோகின், சான் பெனிட்டோவைச் சேர்ந்த பாக்கோ பெத்தான்கூர் ஆகியோர், போருக்குப் பின் ‘ஐடியல்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கி அந்த வெற்றிடத்தை நிரப்பினர். தொழிலாளர்கள் அறுவடைக்குச் சென்ற வழியெங்கும் இசையும் சென்று, பலர் நிலையாகத் தங்கிவிட்ட வட மாநிலங்களிலும் வேரூன்றியது. ஆயினும் நடுத்தர வகுப்புத் தெஹானோக்கள் பலர் இதனை மதுக்கடை இசை என இகழ்ந்து, ‘ஓர்கெஸ்தா’ எனப்படும் பெரிய வாத்தியக் குழுக்களையே நாடினர். ஆய்வாளர் மனுவேல் பெனியா 1985இல் வெளியிட்ட நூல், கொன்ஹுந்தோவை உழைக்கும் வர்க்கத்தின் இசை என ஆராய்ந்து, இந்த ஏற்றத்தாழ்வின் சமூகக் காரணங்களை விளக்கியது.

மதிப்பு தாமதமாகவே வந்தது. 1982இல் சான் அந்தோனியோவின் குவாதலூப்பே கலை மையம் தெஹானோ கொன்ஹுந்தோ விழாவைத் தொடங்கியது. நாட்டார் கலைஞர்களுக்கு அமெரிக்க அரசு வழங்கும் தேசிய மரபுக்கலை விருதை 1983இல் மார்டினெஸும், 1986இல் லொங்கோரியாவும், 1998இல் தே லா ரோசாவும் பெற்றனர். லொங்கோரியா அதே மையத்தில் ஆசிரியராக அமர்ந்து இளைஞர்களுக்கு அக்கார்டியன் கற்பித்தார். இசைக்கல்லூரியோ புரவலரோ இன்றி, பகலெல்லாம் உழைத்துக் களைத்த மக்கள் தங்களுக்கென உருவாக்கிக்கொண்ட கலை இது. அதன் ஒவ்வொரு மாற்றத்தையும் வாசித்தவர்களின் திறமையும் ஆடியவர்களின் விருப்பமுமே தீர்மானித்தன. ஆகவே கொன்ஹுந்தோவுக்குச் செலுத்தும் மரியாதை, மேடையேறிய சில பெயர்களோடு முடிந்துவிடாமல், தங்கள் சொற்பக் கூலியிலிருந்து நடன அரங்குக் கட்டணத்தைச் செலுத்தி அக்கலையைக் காத்த தொழிலாளர்களுக்கும் உரியதாதல் வேண்டும்.