சானடோரியம் நிறுத்தம்

சென்னைப் புறநகர் ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய நிலையத்தின் பெயர் இன்றும் 'தாம்பரம் சானடோரியம்'தான். 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை தந்த பெயர் அது. அன்று அங்கே தர முடிந்ததெல்லாம் காற்றும் வெயிலும் ஓய்வும் நல்ல சாப்பாடும். கிருமியைக் கொல்லும் மருந்து எவரிடமும் இல்லை.

பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1948-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் ஆறு மாதத்துக்குள் இறந்திருந்தார்கள். ஊசியும் போட்டுக்கொண்ட 55 பேரில் இறந்தவர்கள் 4 பேர். ஆனால் ஊசி போட்டுக்கொண்ட பலரின் சளியில், சில மாதங்களிலேயே அந்த மருந்துக்கு மசியாத கிருமி தென்பட்டது. கோடிக்கணக்கான கிருமிகளில் ஒருசில எந்த ஒற்றை மருந்துக்கும் தப்பிவிடும். மற்றவை மடிந்தபின் அவையே பெருகும். மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் இப்படித்தான் பிறந்தது.

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் அந்த வழக்கத்தை ஏழையின் வீட்டுக்குக் கொண்டுபோனது. அது நடத்திய ஆய்வில் 193 நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் சானடோரியத்தில் இருந்தார்கள். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். எல்லோருக்கும் ஓராண்டுக்கு இரண்டு மருந்துகள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு தேறினார்கள். உலகெங்கும் சானடோரியங்கள் காலியாக அது வழிவகுத்தது. தாய் பிள்ளைகளைப் பிரியாமலே குணமாகலாம் என்றானது. மருந்தோடு மனிதர்களும் அந்த வீடுகளுக்குப் போனார்கள் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். சொல்லாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

ரிஃபாம்பிசின் என்ற மருந்து வந்தபின் ஓராண்டுச் சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியது. இன்று ரிஃபாம்பிசினுக்கும் ஐசோனியசிட் என்ற இன்னொரு முக்கிய மருந்துக்கும் மசியாத கிருமி நம்மிடையே உலவுகிறது. மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. அளவு தவறிய மருந்துச்சீட்டுக்கும் மருந்துத் தட்டுப்பாட்டுக்கும் இதில் பங்குண்டு. ஒரு மாத்திரையும் தவறவிடாதவருக்கும் இருமல் வழியே இக்கிருமி நேரே தொற்றுகிறது.

இத்தகைய நோய்க்கு நெடுங்காலம் 18 முதல் 24 மாதச் சிகிச்சை நடந்தது. அதில் பல மாதம் ஊசி. அந்த ஊசியால் காது கேட்காமல் போனவர்கள் உண்டு. கிருமி எதற்கு மசியும் என்றறிய வாரக்கணக்கில் காத்திருந்த காலம் போய், ரிஃபாம்பிசினுக்கு மசியுமா என்பதை ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி இரண்டு மணி நேரத்தில் சொல்கிறது. பெடாகுயிலின் உள்ளிட்ட நான்கு மருந்துகளை ஆறு மாதம் விழுங்கும் முறைக்கு 2024-இல் இந்தியா ஒப்புதல் தந்தது. ஊசி இல்லை.

பெடாகுயிலின் 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, நாற்பதாண்டுகளுக்குப் பின் வந்த முதல் புதுவகைக் காசநோய் மருந்து அது. அதற்கும் மசியாத கிருமி பல நாடுகளில் ஏற்கெனவே தென்பட்டுவிட்டது. உங்கள் வீட்டில் யாரேனும் டி.பி. மாத்திரை சாப்பிட்டால், இருமல் நின்றபிறகும் கடைசி நாள்வரை அந்த மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள்.