பதினைந்து டாலர் பூட்ஸ்

பூட்ஸில் ஓர் ஆட்டக்காரரின் பெயரைப் பொறித்தால் விலை ஏறும். அமெரிக்காவில் இது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கைத் தலைகீழாக்கப் பார்த்தார் ஒருவர். அவரும் ஆட்டக்காரர்தான்.

கூடைப்பந்து ஆடுபவர் வேகமாக ஓடுவார், சட்டென்று நிற்பார், பக்கவாட்டில் திரும்புவார். எம்பிக் குதித்து உடல் பாரம் முழுவதையும் பாதத்தில் இறக்குவார். ஆகவே கணுக்கால் பிசகாமல் இருக்க உயர்ந்த கழுத்து வேண்டும். வழுக்காமல் இருக்க வரிவரியான ரப்பர் அடிப்பாகம் வேண்டும். அதிர்ச்சியைத் தாங்க நடுவே மெத்தை வேண்டும். அவசியம் என்று பார்த்தால் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அலங்காரமும் பெயரும்!

பெயர் போடும் வழக்கம் பழையது. கன்வர்ஸ் கம்பெனியின் கித்தான் காலணியில் 1930-களிலேயே சக் டெய்லரின் கையெழுத்து ஏறிவிட்டது. 1973-இல் வால்ட் பிரேஸியருக்காக, அவருடைய பட்டப் பெயரான 'கிளைட்' என்ற பெயரிலேயே, மெதுதோல் காலணி ஒன்றைப் பூமா கம்பெனி விற்றது.

ஜோர்டான் வந்தார்

ஆனால் விலையை ஆகாயத்துக்கு ஏற்றியது மைக்கேல் ஜோர்டானின் காலணிதான். பீட்டர் மூர் வரைந்த முதல் மாதிரி 1985 ஏப்ரலில் கடைக்கு வந்தது. கறுப்பும் சிவப்பும் கலந்த தோல், கணுக்காலருகே சிறகு முளைத்த பந்துச் சின்னம். விலை 65 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 800 ரூபாய்.

கறுப்பு சிவப்புக் காலணி விதிக்குப் புறம்பானது என்று அந்த ஆண்டு பிப்ரவரியில் தேசிய கூடைப்பந்து சங்கம் கடிதம் எழுதியிருந்தது. நைக் கம்பெனி அந்தத் தடையையே விளம்பரமாக்கிவிட்டது! 1988-இல் டிங்கர் ஹாட்ஃபீல்டு வரைந்த மூன்றாவது மாதிரியில், குதிகாலில் உள்ள காற்றுப் பை வெளியே தெரியும்படி சிறு ஜன்னல் வைத்தார்கள். யானைத் தோல் போன்ற கோலமும் போட்டார்கள். பிள்ளைகள் கிறங்கிப் போனார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்க நகரங்களில் காலணிக்காகச் சிறுவர்கள் அடிபட்டார்கள். சிலர் உயிரையும் இழந்தார்கள்.

ஏழு பிள்ளைகள் வீடு

ஸ்டீபன் மார்பரி நியூயார்க்கின் கோனி தீவுப் பகுதியில், தொகுப்பு வீட்டில் வளர்ந்தவர். ஏழு பிள்ளைகளில் ஆறாவது பிள்ளை. பிற்பாடு நியூயார்க் நிக்ஸ் அணியின் ஆட்டக்காரராகிக் கோடிக்கணக்கில் சம்பாதித்தார். 2006 ஆகஸ்டில் 'ஸ்டீவ் அண்ட் பாரிஸ்' என்ற மலிவு விலைக் கடைகளோடு சேர்ந்து 'ஸ்டார்பரி' காலணியை வெளியிட்டார். விலை 14.98 டாலர். அன்றைக்குச் சுமார் 700 ரூபாய். மற்ற நட்சத்திரங்களின் காலணிகள் 100 டாலரைத் தாண்டியிருந்த காலம் அது.

முன்பணம் எதுவும் வாங்கவில்லை; விற்பனையில் பங்கு மட்டும் பேசிக்கொண்டார். கடையில் கிடைக்கும் அதே காலணியைத்தான் ஆட்டத்திலும் அணிவேன் என்று அறிவித்தார். 2006-07 பருவத்தில் அப்படியே அணிந்து ஆடியும் காட்டினார். ஸ்டார்பரி சின்னத்தைத் தலையின் ஒரு பக்கத்தில் பச்சையும் குத்திக்கொண்டார். அது கொஞ்சம் அதிகம்தான்!

காலணியின் அமைப்பில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. கழுத்து உயரம், அடிப்பாகம், நட்சத்திரச் சின்னம் எல்லாம் விலையுயர்ந்த காலணியின் சாயல். மலிவு என்று முகத்தில் எழுதி ஒட்டவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் பையனைக் கூட்டிக்கொண்டு செருப்புக் கடை ஏறிய தகப்பனார்களுக்கு இதன் அருமை விளங்கும். பையனுக்குக் கால் வலியை விட, பக்கத்துப் பெஞ்சுக்காரன் சிரிப்பதுதான் பெரிய வலி.

விற்பனை நன்றாகவே நடந்தது. ஆனால் காலணி அந்த ஒரு கடைத் தொகுதியை நம்பியே இருந்தது. 2008 ஜூலையில் 'ஸ்டீவ் அண்ட் பாரிஸ்' திவால் மனு கொடுத்தது. பிறகு கடைகள் மூடப்பட்டன. ஸ்டார்பரியும் அலமாரியிலிருந்து மறைந்தது.

மார்பரி 2010-இல் சீனாவுக்குப் போனார். பெய்ஜிங் அணிக்கு 2012, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளில் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அந்த நகரத்தார் அவருக்கு வெண்கலச் சிலையே வைத்துவிட்டார்கள்.