ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு மருத்துவக் காப்புறுதி

கோடை விடுமுறை நெருங்கும்போது ட்வெய்ட்டா, புருசெட், ஹவ்கெருட் பகுதிகளில் வாழும் எமது குடும்பங்கள் பலவற்றில் ஒரே ஆயத்தம்தான். ஊரிலிருந்து அம்மா, அப்பாவைக் கூப்பிட வேண்டும், பேரப்பிள்ளைகளைக் காட்ட வேண்டும். விசா விண்ணப்பம், அழைப்பவர் நிரப்பும் உத்தரவாதப் படிவம், விமானச் சீட்டு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். மருத்துவக் காப்புறுதியை மட்டும் ஆகக் குறைந்த விலையில் வாங்கி விண்ணப்பத்துடன் இணைத்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

விசாவுக்கு என்ன தேவை?

நோர்வே 2001ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் ஷெங்கன் நாடுகளின் ஒழுங்கில் உள்ளது. எனவே இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுடன் 90 நாட்கள் வரை தங்க வருபவர்களுக்கு ஷெங்கன் விசாவும் பயண மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். அந்தக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். எமது கணக்கில் அது மூன்று இலட்சம் குரோனருக்கு மேல். எல்லா ஷெங்கன் நாடுகளிலும், தங்கும் காலம் முழுவதும் அது செல்லுபடியாக வேண்டும். அவசர வைத்தியம், அவசர வைத்தியசாலைச் சிகிச்சை, நோய் காரணமாக நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவு, மரணம் நேர்ந்தால் ஏற்படும் செலவு ஆகியவை அதில் அடங்க வேண்டும்.

இந்த நிபந்தனைகளில் ஏற்கனவே உள்ள நோய்களைப் பற்றி எதுவும் இல்லை. ஆனால் எமது பெற்றோருக்குப் பெரும்பாலும் இருப்பவை அவைதான்: நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இருதய நோய். பல மலிவான காப்புறுதிகள் இவற்றை அடியோடு விலக்கிவிடுகின்றன. சில, உயிராபத்தான நிலைக்கு மட்டும், அதுவும் சிறிய தொகை வரை கொடுக்கின்றன. விசா கிடைத்துவிட்டது என்பதற்காக, அப்பாவுக்கு மாரடைப்பு வந்தால் காப்புறுதி பணம் கட்டும் என்று எண்ணிவிட வேண்டாம்.

இங்கே வருத்தம் வந்தால்?

நாம் இங்கு அனுபவிக்கும் சுகாதார வசதி, நாட்டின் சமூகக் காப்புறுதியான பொல்கெத்ரிக்டில் உறுப்பினராக இருப்பதால் கிடைப்பது. விருந்தினராக வருபவர் அதில் சேர்வதில்லை. அவருக்கு பாஸ்ட்லேக, அதாவது குடும்ப வைத்தியர், கிடையாது. உயிராபத்து என்றால் எவரையும் வைத்தியசாலை திருப்பி அனுப்பாது, சிகிச்சை கிடைக்கும். ஆனால் நாம் கட்டும் சிறிய சொந்தப் பங்கு அல்ல, முழுச் செலவுக்குமான கணக்கு பிறகு வரும். மாரிகாலத்தில் வந்து பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாலும் இதே நிலைதான்.

கனடாவிலிருந்து வரும் உறவினருக்கு விசா தேவையில்லை, எனவே காப்புறுதியை எவரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் கணக்கு வரும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. ஏற்கனவே உள்ள நோய் திடீரென மோசமானால் பணம் கிடைக்குமா? எவ்வளவு வரை? கூடுதல் கட்டணம் செலுத்திச் சேர்க்க முடியுமா?

2. வயது எல்லை என்ன? வயது கூடக் கட்டணம் கூடும், சில நிறுவனங்கள் குறிப்பிட்ட வயதுக்கு மேல் ஏற்பதில்லை.

3. எமது கையிலிருந்து கட்ட வேண்டிய எகென்ஆன்டெல் எவ்வளவு?

4. வைத்தியசாலைக்கு நிறுவனம் நேரடியாகப் பணம் கட்டுமா, அல்லது நாம் கட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டுமா?

5. விமானம் மாறும் நாடுகளில் நோய் வந்தால் செல்லுமா?

விண்ணப்பத்தில் நோய்களை மறைக்காதீர்கள். மறைத்தது பின்னர் தெரிய வந்தால் நிறுவனம் பணம் தர மறுக்கலாம். ஊரில் நல்ல காப்புறுதி கிடைக்காவிட்டால், நிபந்தனைகளுக்குப் பொருந்தும் காப்புறுதியைப் பிள்ளைகள் இங்கிருந்தே அவர்கள் பெயரில் எடுக்கலாம்.

இரண்டாம் முறை வரும்போது

பல முறை வந்து போகும் விசா கிடைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது முதற்பயணத்துக்கான காப்புறுதியைத்தான் காட்ட வேண்டும். அடுத்த பயணங்களுக்கும் காப்புறுதி தேவை என்பதை அறிவோம் என்று கையெழுத்து மட்டும் வாங்குவார்கள். இரண்டாம் முறை வருகையில் விசா கையில் இருப்பதால் காப்புறுதி எடுக்க மறந்துபோகும். விமானச் சீட்டு எடுக்கும் அன்றே காப்புறுதியையும் எடுத்துவிடுங்கள்.

அவர்கள் வந்த பின்

காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியையும், நிறுவனத்தின் 24 மணிநேரத் தொலைபேசி இலக்கத்தையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். குளிசைகளின் மருந்துப் பெயர்களை ஊர் வைத்தியரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். தங்கும் காலம் முழுவதற்கும் போதுமான மருந்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

நெஞ்சு வலி, ஒரு பக்கம் உணர்விழத்தல், மூச்சுத் திணறல் என்றால் தாமதிக்காமல் 113. அவ்வளவு அவசரமில்லை, ஆனால் காலை வரை பொறுக்க முடியாது என்றால் லேகவக்ட் 116117. ஒஸ்லோ லேகவக்ட் இப்போது ஆக்கர் வைத்தியசாலை வளாகத்தில் உள்ளது. நோயாளி கவனிக்கப்பட்டதும் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். எல்லாப் பற்றுச்சீட்டுகளையும் வைத்தியரின் அறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள்.

“எனக்கு ஒன்றும் வராது, ஏன் வீண் செலவு” என்று அம்மா சொல்லக்கூடும். செலவுக் கணக்கு பிள்ளைகளின் தலையில் விழும் என்று தெரிந்தால், உண்மையாகவே வருத்தம் வரும்போது அதை அவர் மறைக்கவும் கூடும். நல்ல காப்புறுதி இருக்கிறது, நோவை மறைக்க வேண்டாம் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.